ப்ளூஸ்கை, மாஸ்டோடான், த்ரெட்ஸ்: கூட்டம் எங்கே? பேச்சு எங்கே? 'ஆக்டிவ் யூசர்' கணக்கைப் படிப்பது எப்படி?

2024 ஆகஸ்ட் 30. பிரேசில் உச்ச நீதிமன்ற நீதிபதி அலெக்சாண்டர் டி மொரைஸ், நாடு முழுவதும் எக்ஸ் தளத்தை முடக்க உத்தரவிட்டார். விபிஎன் வழியாக உள்ளே நுழைந்தால் ஒரு நாளைக்கு 50,000 ரியால் அபராதம் என்றும் சொல்லப்பட்டது. சுமார் 2 கோடி பேர் பயன்படுத்திய ஒரு தளம் ராத்திரியோடு ராத்திரியாக இருட்டாகிப் போனது.

அந்த மக்கள் எங்கே போனார்கள்? அடுத்த சில நாட்களிலேயே ப்ளூஸ்கை தளத்தில் 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் புதிதாகக் கணக்கு தொடங்கினர். அவர்களில் பெரும்பாலானோர் பிரேசில்காரர்கள். செப்டம்பர் நடுவில் ப்ளூஸ்கையின் மொத்தக் கணக்குகள் 1 கோடியைத் தொட்டன. அபராதமெல்லாம் கட்டி முடித்து அக்டோபர் 8-ல் எக்ஸ் மறுபடி பிரேசிலுக்குத் திரும்பியது.

அப்போதிலிருந்து ஒவ்வொரு சில மாதத்துக்கும் 'எக்ஸை விட்டு மக்கள் ஓடுகிறார்கள்' என்று ஒரு செய்தி வரும். கூடவே ஒரு எண்ணும் வரும். 2 கோடி, 4 கோடி, 40 கோடி என்று. இந்த எண்களை அப்படியே ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக வைத்துப் பார்த்தால் தப்பான முடிவுக்குத்தான் போவோம். ஏன்னா ஒவ்வொரு தளமும் எண்ணுவது வேறு வேறு விஷயத்தை.

முதலில், 'பரவலாக்கப்பட்ட' தளம் என்றால்?

ஏர்டெல் சிம் வைத்திருப்பவர் ஜியோ நம்பருக்குப் போன் போடலாம். இரண்டும் வேறு கம்பெனி, ஆனால் பேச்சு போகிறது. கம்பெனி பிடிக்கலையா, அதே நம்பரோடு வேறு கம்பெனிக்கு மாறிக்கொள்ளலாம். சமூக வலைதளத்திலும் இப்படி இருந்தால் எப்படி இருக்கும் என்பதுதான் அடிப்படை யோசனை. ஃபேஸ்புக்கில் இருப்பவர் எக்ஸில் இருப்பவரை ஃபாலோ பண்ண முடியாது. பரவலாக்கப்பட்ட தளங்களில் ஒரு சர்வரில் இருப்பவர் இன்னொரு சர்வரில் இருப்பவரை ஃபாலோ பண்ணலாம், பதில் எழுதலாம்.

இதில் மூத்தது மாஸ்டோடான். ஜெர்மனியைச் சேர்ந்த ஆய்கன் ரோச்கோ 2016-ல் வெளியிட்டார். யார் வேண்டுமானாலும் சர்வர் நடத்தலாம். இந்த சர்வர்கள் ஒன்றோடு ஒன்று பேசிக்கொள்ளும் மொழிக்கு 'ஆக்டிவிட்டிபப்' என்று பெயர். 2018 ஜனவரியில் இது அதிகாரபூர்வ இணையத் தர நிர்ணயமாக ஏற்கப்பட்டது.

ப்ளூஸ்கை, ட்விட்டருக்கு உள்ளேயே பிறந்த திட்டம். அப்போதைய ட்விட்டர் தலைவர் ஜாக் டோர்சி 2019 டிசம்பரில் அறிவித்தார். ஜே கிராபர் 2021-ல் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். பிறகு தனி நிறுவனம் ஆனது. இது பேசும் மொழி வேறு: 'ஏடி புரோட்டோகால்'. 2024 பிப்ரவரி 6 வரை அழைப்பு இருந்தால்தான் உள்ளே போக முடியும் என்ற நிலை. டோர்சி 2024 மே மாதம் இதன் நிர்வாகக் குழுவிலிருந்து விலகிவிட்டார்.

மெட்டாவின் த்ரெட்ஸ் பாதிதான் இந்தக் கூட்டத்தில் சேர்த்தி. அடிப்படையில் அது மெட்டாவின் சொந்த சர்வரில் ஓடும் சாதாரண ஆப். ஆனால் 2024 மார்ச்சில், முதலில் அமெரிக்கா, கனடா, ஜப்பான் பயனர்களுக்கு, விரும்பினால் தங்கள் பதிவை மாஸ்டோடான் பக்கமும் அனுப்பும் வசதியைத் திறந்துவிட்டது. அதனால் இந்த ஒப்பீட்டில் அதையும் சேர்க்க வேண்டியிருக்கு.

பத்திரிகை கொடுத்தவர் எத்தனை? பந்தியில் உட்கார்ந்தவர் எத்தனை?

கல்யாண வீட்டுக் கணக்கு இதற்குச் சரியாகப் பொருந்தும். 1,000 பேருக்குப் பத்திரிகை கொடுத்திருப்பார்கள். மண்டபத்துக்கு 600 பேர் வந்திருப்பார்கள். பந்தியில் 500 பேர். மொய் எழுதியவர்கள் 300 பேர். 'கல்யாணத்துக்கு எவ்வளவு கூட்டம்?' என்று கேட்டால், சொல்பவர் மாப்பிள்ளை வீடா, பெண் வீடா, சமையல்காரரா என்பதைப் பொறுத்து பதில் மாறும்.

பதிவு செய்த கணக்குகள் என்பது பத்திரிகைக் கணக்கு. மாதாந்திர ஆக்டிவ் யூசர் என்பது மண்டபத்துக்கு வந்தவர்கள். லைக், ரிப்ளை, ஷேர் செய்தவர்கள் மொய் எழுதியவர்கள். இந்தக் கடைசிக் கணக்கைத்தான் 'எங்கேஜ்மென்ட்' என்கிறார்கள்.

மாஸ்டோடானை எடுத்துக்கொள்வோம். 2022 அக்டோபர் 27-ல் எலான் மஸ்க் ட்விட்டரை வாங்கி முடித்தார். அதற்கு முன் மாஸ்டோடானில் மாதாந்திர ஆக்டிவ் யூசர்கள் சுமார் 3 லட்சம். நவம்பருக்குள் அது 25 லட்சம். ட்விட்டரே பதறியதற்கு சாட்சி உண்டு. டிசம்பரில் மாஸ்டோடானின் ட்விட்டர் கணக்கு முடக்கப்பட்டது, மாஸ்டோடான் லிங்குகளையும் ட்விட்டரில் பகிர விடவில்லை. ஆனால் 2023 ஜனவரி கடைசியில் அந்த 25 லட்சம் 14 லட்சமாகச் சுருங்கியது. அதன்பின் 10 லட்சத்துக்கும் கீழே போனது. பதிவு செய்த கணக்குகளோ அதே 2023-ல் 1 கோடியைத் தாண்டின. பத்திரிகைக் கணக்கு ஏறிக்கொண்டே போக, பந்தி காலியாகிக்கொண்டே வந்தது.

த்ரெட்ஸ் கதையும் இதேதான், அளவு மட்டும் பெரிசு. 2023 ஜூலை 5-ல் தொடங்கி 5 நாளில் 10 கோடிப் பேர். இன்ஸ்டாகிராம் கணக்கையே தூக்கிக்கொண்டு வரலாம் என்பதால் வந்த வேகம் அது. அந்த மாதம் முடிவதற்குள் பாதிக்கும் மேற்பட்டவர்கள் வருவதை நிறுத்திவிட்டார்கள் என்று மார்க் சக்கர்பெர்க்கே தன் ஊழியர்களிடம் ஒப்புக்கொண்டார். ஆனால் த்ரெட்ஸ் மீண்டது. 2024 டிசம்பரில் மாதத்துக்கு 30 கோடி, தினசரி 10 கோடி என்றார்கள். 2025 ஆகஸ்டில் மாதாந்திரக் கணக்கு 40 கோடியைத் தாண்டியது. மாஸ்டோடானுக்கு அப்படி ஒரு மீட்சி கிடைக்கவில்லை. இன்ஸ்டாகிராம் என்ற பெரிய வாசல் பக்கத்திலேயே இருந்தது இதற்கு ஒரு முக்கியக் காரணம். இன்ஸ்டாவில் ஸ்க்ரோல் பண்ணும்போதே நடுவில் த்ரெட்ஸ் பதிவுகள் எட்டிப் பார்ப்பதை நீங்களும் கவனித்திருப்பீர்கள்.

ப்ளூஸ்கை விஷயத்தில்தான் இந்த முரண் பளிச்சென்று தெரியும். 2024 நவம்பர் 5-ல் அமெரிக்க அதிபர் தேர்தல். நவம்பர் 19-ல் ப்ளூஸ்கை கணக்குகள் 2 கோடி. அந்த வாரத்தின் உச்ச நாளில் சுமார் 15 லட்சம் பேர் பதிவு போட்டார்கள். அடுத்த ஆண்டு ஜூனில் கணக்குகள் 3.6 கோடி ஆகியிருந்தன. ஆனால் ஒரு நாளில் பதிவு போடுபவர்கள் 7 லட்சத்துக்கும் கீழே.

கணக்குப் போட்டுப் பாருங்க. முதலில் 100 கணக்குக்கு 7 அல்லது 8 பேர் அன்றன்று எழுதினார்கள். ஏழு மாதம் கழித்து 100-க்கு 2 பேர்கூட இல்லை. இதை வைத்து 'ப்ளூஸ்கை செத்துப்போச்சு' என்று எழுதியவர்களும் உண்டு. அதுவும் அவசரம்தான். தேர்தலுக்கு முன் இருந்த நிலையோடு ஒப்பிட்டால் அந்த எண்ணிக்கை அப்போதும் அதிகம். எந்த நாளை ஆரம்பப் புள்ளியாக எடுக்கிறோம் என்பதில் பாதிச் செய்தி மாறிவிடுகிறது.

எண்ணுவது யார்?

இங்கேதான் பெரும்பாலான ஒப்பீடுகள் சறுக்குகின்றன.

மாஸ்டோடானில் ஒவ்வொரு சர்வரும் தன் கணக்கைத் தானே சொல்லும். அந்தந்த ஊர் தாலுகா ஆபீஸ் அனுப்பும் புள்ளிவிவரம் மாதிரி. எல்லாவற்றையும் கூட்டி மொத்தக் கணக்கு எடுக்கிறார்கள். சர்வர் நடத்துபவர் விவரம் தராவிட்டால் அந்த ஆட்கள் கணக்கிலேயே வரமாட்டார்கள். இன்னொன்று, இங்கே 'ஆக்டிவ்' என்றால் கடந்த ஒரு மாதத்தில் லாகின் ஆகி உள்ளே வந்தவர். ஒரு வரிகூட எழுதாமல் சும்மா திறந்து பார்த்தாலும் ஆக்டிவ்தான்.

ப்ளூஸ்கையில் நேர் எதிர். அங்கே பதிவு, லைக், ஃபாலோ எல்லாமே பொதுவெளித் தரவு. யார் வேண்டுமானாலும் அந்த ஓட்டத்தை அப்படியே பிடித்து எண்ணிக்கொள்ளலாம். கம்பெனியைக் கேட்கவே வேண்டாம். மேலே சொன்ன 15 லட்சம், 7 லட்சமெல்லாம் அப்படி எண்ணியவைதான். ஆனால் படித்துவிட்டுச் சத்தமில்லாமல் போகிறவர் அந்த ஓட்டத்தில் தெரியவே மாட்டார். அதாவது மொய் எழுதியவர்களை மட்டும் துல்லியமாக எண்ணலாம். சாப்பிட்டுவிட்டுப் போனவர்களை எண்ண முடியாது.

த்ரெட்ஸில் மெட்டா சொல்வதுதான் கணக்கு. வெளியிலிருந்து யாரும் சரிபார்க்க வழியில்லை.

ஆகவே மாஸ்டோடானின் 'மாதாந்திர ஆக்டிவ்', ப்ளூஸ்கையின் 'தினசரி பதிவிடுபவர்', த்ரெட்ஸின் 'மாதாந்திர ஆக்டிவ்' மூன்றையும் ஒரே வரைபடத்தில் மூன்று தூணாகப் போடும் கிராபிக்ஸ் கார்டைப் பார்த்தால் கொஞ்சம் தள்ளி வைத்துவிடுங்கள். ப்ளூஸ்கை இதில் அநியாயமாகச் சின்னதாகத் தெரியும். த்ரெட்ஸ் அநியாயமாகப் பெரிசாகத் தெரியும்.

ஒரே தளத்துக்குள் ஒப்பிட ஒரு எளிய வழி உண்டு. தினசரி எண்ணிக்கையை மாதாந்திர எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். த்ரெட்ஸ் 2024 டிசம்பரில் சொன்ன 10 கோடி, 30 கோடியை வகுத்தால் மூன்றில் ஒரு பங்கு. மாதத்தில் ஒருமுறையாவது வரும் மூன்று பேரில் ஒருவர் தினமும் தலைகாட்டுகிறார் என்று தோராயமாகப் புரிந்துகொள்ளலாம். மொத்த எண்ணைவிட இந்த விகிதம் பழக்கத்தைக் காட்டிக்கொடுக்கும்.

ஒரே பதிவு, இரண்டு பேருக்கு வேறு வேறு லைக் எண்ணிக்கை

மாஸ்டோடான் பயன்படுத்திப் பார்த்தவர்களுக்கு இந்தக் குழப்பம் தெரிந்திருக்கும். நீங்கள் ஒரு சர்வரில், உங்கள் நண்பர் வேறு சர்வரில். இரண்டு பேரும் மூன்றாவது சர்வரில் இருக்கும் ஒருவரின் பதிவைப் பார்க்கிறீர்கள். உங்களுக்கு 4 லைக் தெரியும், அவருக்கு 11 தெரியும். எழுதியவருக்கோ 90. போன் ரிப்பேர் இல்லை, அமைப்பே அப்படி.

காரணம் இதுதான். ஒருவர் லைக் போட்டால் அந்தத் தகவல் பதிவை எழுதியவரின் சர்வருக்கு மட்டும்தான் போகும். ஊரிலுள்ள மற்ற சர்வர்களுக்கெல்லாம் தண்டோரா போடாது. அதனால் உங்கள் சர்வருக்கு, உங்கள் சர்வர் ஆட்கள் போட்ட லைக்தான் தெரியும். ரிப்ளைகளிலும் இதே சிக்கல். ஒரு பதிவுக்கு 30 பதில் வந்திருக்கும், உங்கள் திரையில் 6 தான் இருக்கும். ஏற்கெனவே வேறொருவர் சொன்ன பதிலையே நீங்களும் போய்ச் சொல்லி, எழுதியவரைக் கடுப்பேற்றுவீர்கள். 2025-ல் வந்த புதிய பதிப்புகளில் விடுபட்ட பதில்களை மூல சர்வரிலிருந்து எடுத்துவரும் வசதி வந்திருக்கிறது. ஆனால் உங்கள் சர்வர் நடத்துபவர் அப்டேட் செய்திருக்க வேண்டும்.

எண்களைப் பெரிதுபடுத்தக் கூடாது என்பது மாஸ்டோடானின் கொள்கையும்கூட. டைம்லைனில் ரிப்ளை எண்ணிக்கையை 0, 1, இல்லையென்றால் '1+' என்று மட்டும் காட்டும். பத்து பேர் சண்டை போட்டாலும் 1+ தான். ஒருவர் பதிவை எடுத்துப் போட்டு மேலே நக்கலாக எழுதும் 'கோட்' வசதியையும் பல ஆண்டுகள் வேண்டுமென்றே தள்ளிவைத்திருந்தார்கள். 2025 நவம்பரில்தான் வந்தது. அதிலும் யார் தன் பதிவை கோட் செய்யலாம் என்று எழுதியவரே தீர்மானிக்கலாம்.

இதன் விளைவு? எங்கேஜ்மென்ட் எண்ணில் மாஸ்டோடான் எப்போதும் கொஞ்சம் அடங்கித்தான் தெரியும். லைக் அதிகம் வாங்கிய பதிவை முகப்பு டைம்லைனில் மேலே தூக்கிவிடும் அல்காரிதமும் அங்கே இல்லை. வரிசையாக, நேரப்படி வரும். நீங்கள் ராத்திரி 2 மணிக்குப் போட்ட பதிவை, காலையில் எழுந்தவர் ரொம்பக் கீழே போய்த்தான் பார்க்கணும்.

ப்ளூஸ்கையில் எல்லா சர்வரின் தகவலையும் ஒரே இடத்தில் திரட்டி ஆப்புக்குக் கொடுக்கும் ஏற்பாடு இருப்பதால், எல்லோருக்கும் ஒரே எண் தெரியும். பார்க்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தத் திரட்டும் வேலையைப் பெருமளவு செய்வது ப்ளூஸ்கை நிறுவனமே. பயனர்களில் கிட்டத்தட்ட எல்லோருமே அதே நிறுவனத்தின் சர்வரில்தான் இருக்கிறார்கள். 'இதுக்குப் பேர் பரவலாக்கமா?' என்று மாஸ்டோடான்காரர்கள் கேட்பது இதனால்தான். கேள்வியில் நியாயம் இருக்கிறது. எண்ணிக்கை தெளிவாகத் தெரிவதற்கும், அதிகாரம் ஒரே இடத்தில் குவிவதற்கும் இங்கே காரணம் ஒன்றுதான்.

செய்தித் தளங்கள் கண்ட உண்மை

லைக்கை விட்டுவிடுவோம். ஒரு செய்தி நிறுவனத்துக்கு வேண்டியது, லிங்கைத் தொட்டு உள்ளே வந்து படிக்கும் வாசகர்.

அமெரிக்காவின் என்பிஆர் பொது வானொலி 2023 ஏப்ரலில் ட்விட்டரை விட்டு வெளியேறியது. அதன் முதன்மைக் கணக்குக்கு சுமார் 87 லட்சம் ஃபாலோயர்கள். எவ்வளவு பெரிய இழப்பு! ஆறு மாதம் கழித்துக் கணக்குப் பார்த்தபோது, வெளியேறுவதற்கு முன்பே ட்விட்டரிலிருந்து வந்த ட்ராஃபிக் மொத்தத்தில் 2 சதவீதத்துக்கும் குறைவு. வெளியேறிய பின் குறைந்தது வெறும் 1 சதவீதப் புள்ளி. 87 லட்சம் என்ற எண்ணுக்கு இருந்த மரியாதை என்ன, அதன் பலன் என்ன என்று யோசித்துப் பாருங்கள்.

2024 நவம்பரில் இன்னொரு அனுபவம். பாஸ்டன் குளோப் நாளிதழுக்கு ப்ளூஸ்கையிலிருந்து வந்த வாசகர்கள் த்ரெட்ஸிலிருந்து வந்தவர்களைப்போல் 3 மடங்கு. வந்து சந்தா கட்டியவர்கள் 4.5 மடங்கு. அப்போது த்ரெட்ஸில் மாதத்துக்கு 27 கோடிக்கும் மேல், ப்ளூஸ்கையிலோ மொத்தக் கணக்கே சுமார் 2 கோடி. பிரிட்டனின் கார்டியன் நவம்பர் 13-ல் எக்ஸில் பதிவிடுவதை நிறுத்தியது. அதற்கும் ப்ளூஸ்கையில் முதல் வாரத்திலேயே த்ரெட்ஸைப்போல் இரு மடங்கு வாசகர்கள் வந்தார்கள்.

காரணம் தேடி ரொம்ப தூரம் போக வேண்டாம். லிங்க் உள்ள பதிவை அமுக்கி வைப்பதில்லை என்று ப்ளூஸ்கை வெளிப்படையாகச் சொன்னது. எக்ஸிலோ, லிங்கை முதல் பதிவில் போடாமல் ரிப்ளையில் போடச் சொல்லி மஸ்க்கே ஆலோசனை தந்தார். அரசியல் செய்தியைத் தேடிப் படிக்கும் கூட்டம் அந்த மாதம் மொத்தமாக ப்ளூஸ்கைக்கு வந்திருந்ததும் சேர்த்துக்கொள்ள வேண்டியது.

இந்த ஒப்பீட்டில் ஒரு பெயர் காணவில்லை, கவனித்தீர்களா? மாஸ்டோடான். அங்கிருந்து யாரும் வரவில்லையா? வந்திருக்கலாம். மாஸ்டோடானில் ஒரு லிங்கைத் தொட்டால், 'நான் மாஸ்டோடானிலிருந்து வருகிறேன்' என்ற தகவலை அது அனுப்பாதபடி நெடுங்காலம் வடிவமைத்திருந்தார்கள். பயனரின் அந்தரங்கம் காக்கத்தான். அதனால் செய்தித் தளத்தின் புள்ளிவிவரத்தில் அந்த வாசகர் 'நேரடியாக வந்தவர்' என்று பதிவாகிவிடுவார். தன் பெருமையைத் தானே மறைத்துக்கொண்ட தளம் என்று சொல்லலாம். ப்ளூஸ்கை புத்திசாலித்தனமாக நடந்துகொண்டது. 2024 நவம்பரிலேயே லிங்குகளைத் தன் சொந்த முகவரி வழியாகச் சுற்றி அனுப்பத் தொடங்கியது. 'இத்தனை பேரை அனுப்பியது நாங்கள்தான்' என்று செய்தி நிறுவனங்களின் கண்ணில் படும்படி செய்தது.

பெரிய சர்வரா, சின்ன சர்வரா?

ட்விட்டரிலிருந்து மாஸ்டோடானுக்கு மாறிய 1,36,009 பேரைப் பின்தொடர்ந்து ஆராய்ச்சியாளர்கள் குழு ஒன்று 2023-ல் ஒரு ஆய்வு வெளியிட்டது. அதில் இரண்டு விஷயம் கவனிக்கத்தக்கது. ஒன்று, ஆயிரக்கணக்கான சர்வர்கள் இருந்தும், 96 சதவீதம் பேர் போய்ச் சேர்ந்தது பெரிய கால்பங்கு சர்வர்களில். கூட்டம் இருக்கிற ஹோட்டலுக்குள்தானே நாமும் நுழைவோம்! இரண்டு, அதிகம் எழுதி, அதிகம் உறவாடியவர்கள் சின்ன சர்வர்களில் இருந்தவர்கள்.

நண்பர்கள் மாறினால்தான் நாமும் மாறுவோம் என்பதையும் அந்த ஆய்வு காட்டியது. பிரேசில்காரர்கள் ப்ளூஸ்கையில் சட்டென்று கலகலப்பானதற்கும் இதுவே காரணம். தனித்தனியாக வரவில்லை, அலையாக வந்தார்கள். உள்ளே வந்ததும் பேச ஆள் இருந்தது. 2024 ஜூனில் ப்ளூஸ்கை கொண்டுவந்த 'ஸ்டார்ட்டர் பேக்' வசதியும் கைகொடுத்தது. ஒருவர் தொகுத்த பட்டியலை ஒரே தட்டில் ஃபாலோ பண்ணிவிடலாம். மாஸ்டோடானிலோ, 'முதலில் சர்வரைத் தேர்வு செய்யுங்கள்' என்று கேட்கும் இடத்திலேயே பாதிப்பேர் ஆப்பை மூடிவிடுவார்கள்.

நாஸ்டர்: எண்ணவே முடியாத தளம்

நாஸ்டர் பற்றிச் சுருக்கமாக. இதில் கணக்கு, பாஸ்வேர்டு, நிறுவனம் எதுவும் கிடையாது. ஒரு ரகசியச் சாவி உருவாக்கிக்கொண்டால் அதுதான் நீங்கள். ஜாக் டோர்சி 2022 டிசம்பரில் இதற்கு 14 பிட்காயின் நன்கொடை கொடுத்தார். ஒரு ஆள் ஒரு நிமிடத்தில் ஆயிரம் சாவி உருவாக்கலாம் என்பதால், 'நாஸ்டரில் இத்தனை லட்சம் பேர்' என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டியதில்லை. ஆனால் லைக்குக்குப் பதிலாகக் கொஞ்சம் பிட்காயின் அனுப்பும் 'ஸாப்' என்ற வழக்கம் அங்கே உண்டு. கையிலிருந்து காசு போகிறது என்பதால், எங்கேஜ்மென்ட்டில் நிஜமான மொய் அது ஒன்றுதான்.

நம்ம ஊர் அனுபவம்

இந்தியாவுக்கு இது புதுசில்லை. உச்ச நீதிமன்ற மூத்த வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் ட்விட்டர் கணக்கு முடக்கப்பட்டதை எதிர்த்து, 2019 நவம்பரில் இங்கிருந்து ஏராளமானோர் மாஸ்டோடானுக்குப் போனார்கள். உலகம் அந்தப் பெயரைக் கேள்விப்படுவதற்கு மூன்று ஆண்டுக்கு முன்பே நாம் போய் வந்துவிட்டோம். 'போய் வந்துவிட்டோம்' என்பதுதான் சரியான சொல். அந்த அலை நிலைக்கவில்லை.

இந்தியாவின் சொந்தத் தளமான 'கூ' பரவலாக்கப்பட்டது அல்ல, வழக்கமான ஒரே கம்பெனி ஆப். தமிழிலும் இருந்தது. அதற்கும் ஒரு பிரேசில் அத்தியாயம் உண்டு. 2022 நவம்பரில், அங்கே 48 மணி நேரத்தில் 10 லட்சம் டவுன்லோடு என்று அந்நிறுவனம் அறிவித்தது. உச்சத்தில் மாதத்துக்கு 1 கோடிப் பேர், தினசரி 21 லட்சம் பேர். இந்த இரண்டையும் வகுத்தால் ஐந்தில் ஒரு பங்கு. 2024 ஜூலையில் மூடிவிட்டார்கள். அங்கே நான்கு வருஷம் எழுதிச் சேர்த்த ஃபாலோயர்களை எடுத்துக்கொண்டு வேறு இடம் போக யாருக்கும் வழி இருக்கவில்லை.

பரவலாக்கப்பட்ட தளத்திலும் சர்வர் மூடும். ஃபயர்ஃபாக்ஸ் உருவாக்கிய மொசில்லாவே ஒரு மாஸ்டோடான் சர்வர் நடத்தியது. ஆக்டிவ் யூசர்கள் 300 பேர்கூட இல்லை என்ற நிலையில் 2024 டிசம்பர் 17-ல் மூடியது. வித்தியாசம் என்னவென்றால், அங்கிருந்தவர்கள் ஃபாலோயர்களோடு வேறு சர்வருக்கு மாறிக்கொள்ள முடிந்தது.

நீங்கள் மாற நினைத்தால்?

தமிழில் எழுதுபவர்களுக்கு ஒரு சின்ன நல்ல செய்தி. எக்ஸில் 'தமிழ்' என்று எழுதினால் 5 எழுத்தாகக் கணக்கு. 'மி'யில் உள்ள கொக்கியும் 'ழ்' மேல் உள்ள புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படும். ப்ளூஸ்கையும் மாஸ்டோடானும் நாம் எண்ணுவது போலவே 3 எழுத்து என்று எண்ணுகின்றன. எக்ஸின் 280-ஐவிட ப்ளூஸ்கையின் 300 வெறும் 20 அதிகம் மாதிரி தெரிந்தாலும், தமிழில் எழுதும்போது இடம் நிறையவே கிடைக்கும். மாஸ்டோடானில் பொதுவாக 500.

எந்தத் தளம் உங்களுக்கு ஒத்துவரும் என்பதை உலகக் கணக்கை வைத்துத் தீர்மானிக்க வேண்டாம். ஒரு மாதம், ஒரே மாதிரியான 20 பதிவுகளை இரண்டு இடத்திலும் போட்டுப் பாருங்கள். மொத்த லைக்கை எண்ணாதீர்கள். முன்பின் தெரியாத எத்தனை பேர் வாக்கியமாகப் பதில் எழுதினார்கள், அதில் எத்தனை பேர் இரண்டாவது முறையும் வந்தார்கள் என்று குறித்து வையுங்கள். உதாரணத்துக்கு, 5,000 ஃபாலோயர்கள் இருக்கும் இடத்தில் 10 பேர் பதில் சொல்கிறார்கள், 200 பேர் இருக்கும் இடத்தில் 6 பேர் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் இடத்தில் 500-க்கு ஒருவர், இரண்டாவது இடத்தில் சுமார் 33-க்கு ஒருவர். கடை வைத்திருப்பவர் என்றால் முதல் இடம் இன்னும் தேவைப்படலாம். எழுத்தாளர், ஆசிரியர், மொழி ஆர்வலர் என்றால் இரண்டாவது இடத்தில்தான் பேச்சு நடக்கும்.

மாறும்போது இரண்டு விஷயம் தெரிந்திருக்கணும். மாஸ்டோடானில் சர்வர் மாறினால் ஃபாலோயர்கள் கூட வருவார்கள், பழைய பதிவுகள் வராது. ஒருமுறை மாறினால் அடுத்து மாற 30 நாள் காத்திருக்க வேண்டும். ப்ளூஸ்கையில் உங்களுக்கென்று சொந்த இணைய முகவரி இருந்தால் அதையே பயனர் பெயராக வைத்துக்கொள்ளலாம். பெயர் மாற்றினாலும் ஃபாலோயர்கள் ஒருவரும் குறைய மாட்டார்கள். அந்த முகவரிக்கு வருஷா வருஷம் பணம் கட்ட மட்டும் மறந்துவிடாதீர்கள்.